அக்டோபர் மாதத்துத் துக்கம்: பாஸ்டன் – நியூயார்க் பேஸ்பால் பகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் நடுத்தர வயது ரசிகர் ஒருவரிடம் 1978, 1986, 2003 என்று மூன்று ஆண்டுகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால், அவர் முகம் வாடுவதைக் காணலாம். அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது, ஒரு விளையாட்டு ஏன் இவ்வளவு ஆழமாகக் காயப்படுத்துகிறது, யார் மீது பழி போட்டார்கள், அந்தப் பழி நியாயமானதுதானா என்பவற்றைக் கிரிக்கெட் தெரிந்து பேஸ்பால் அதிகம் தெரியாத வாசகருக்காக இங்கே விளக்குகிறேன்.

ப்ளே ஆஃப் சுற்றில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில், அமெரிக்க லீக், தேசிய லீக் என்ற இரு பிரிவுகளாக 30 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் வசந்தம் தொடங்கி செப்டம்பர் இறுதி வரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதாவது ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு அநேகமாகத் தினமும் ஓர் ஆட்டம். 2022 முதல் 12 அணிகள் ப்ளே ஆஃப் சுற்றுக்குள் நுழைகின்றன. முதல் கட்டத்தில் மூன்று ஆட்டத் தொடர், அடுத்து ஐந்து, அதற்கடுத்து லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஏழு ஆட்டத் தொடர், கடைசியாக இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் ஏழு ஆட்ட வேர்ல்ட் சீரிஸ்.

162 ஆட்டங்களில் ஒரு தோல்வி மறுநாளே மறந்துபோகும். அக்டோபரில் அப்படி மறக்க முடியாது. அதோடு பேஸ்பாலுக்குக் கடிகாரமும் இல்லை, ஓவர் கணக்கும் இல்லை. கால்பந்தில் முன்னிலை பெற்ற அணி பந்தைத் தட்டித் தட்டி நேரத்தைக் கடத்திவிடலாம்; இங்கே ஒன்பது இன்னிங்ஸில், இன்னிங்ஸுக்கு மூன்று பேர் வீதம், 27 பேரை அவுட் ஆக்கியே தீரவேண்டும். 26 பேரை அவுட் ஆக்கிவிட்டு 27ஆவது ஆளிடம் தோற்பதற்கு இடமுண்டு. இந்தப் பக்கத்தில் வரும் துக்கக் கதைகள் பலவும் அந்தக் கடைசி ஒன்றிரண்டு அவுட்டுகளைச் சுற்றியவை.

ஒருவர் எப்படி ஓர் அணிக்கு ரசிகராகிறார்? விரும்பினால் மாற்றிக்கொள்ளலாமா?

பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுப்பதில்லை. தாத்தாவின் நிலம் பேரனுக்கு வருவதுபோல அது வந்து சேர்கிறது. நியூ இங்கிலாந்து எனப்படும் ஆறு மாநிலங்களில் பிறந்தவர் ரெட் சாக்ஸ் குடும்பத்தில் பிறந்தவராகவே கருதப்படுகிறார். விதிவிலக்கு கனெக்டிகட் மாநிலம். பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 200 மைல். நடுவில் கிடக்கும் கனெக்டிகட், ஊர் ஊராகவும் சில வீடுகளில் அண்ணன் தம்பிகளாகவும் இரண்டு அணிகளுக்கும் பிரிந்து கிடக்கிறது.

மாற்றிக்கொள்ளத் தடை ஏதுமில்லைதான். ஆனால் தோற்கும்போது விலகிப்போய், வெல்லும்போது தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவரை எந்த ஊரிலும் மதிப்பதில்லை. துக்க வீட்டுக்கு வராதவர் கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக உட்காரக் கூடாது என்ற நம்மூர் நியாயம்தான் அங்கும்.

பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் பகை எப்போது தொடங்கியது?

பேப் ரூத் என்ற வீரரை விற்ற செய்தி வெளியான நாளைச் சொல்வது வழக்கம்: 1920 ஜனவரி 5. 1903இல் முதல் வேர்ல்ட் சீரிஸை வென்ற அணி பாஸ்டன்; அதன்பின் 1912, 1915, 1916, 1918 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. நியூயார்க் யாங்கீஸ் அதுவரை எதையும் வென்றதில்லை. அந்நிலையில், நாடகத் தயாரிப்பாளரும் ரெட் சாக்ஸ் உரிமையாளருமான ஹாரி ஃப்ரேஸி, 1919 சீசனில் 29 ஹோம் ரன் அடித்து நாட்டையே வியக்க வைத்திருந்த பேப் ரூத்தை 1 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார். மறு ஆண்டே ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். (பேஸ் எனப்படும் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவந்தால்தான் ஒரு ரன்; ஹோம் ரன் என்பதை, அப்படி ஓடியும் முடிக்க வேண்டிய சிக்சர் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.)

பிறகு நடந்ததை எண்களே சொல்லிவிடும். 1923 முதல் 2000 வரை யாங்கீஸ் வென்ற வேர்ல்ட் சீரிஸ் 26. அதே காலத்தில் ரெட் சாக்ஸ் வென்றது ஒன்றுமில்லை. 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை இறுதித் தொடருக்குப் போனது. நான்கு முறையும் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் தோற்றது. ஒரேயடியாக மண்ணைக் கவ்வியிருந்தால் ரசிகர்கள் மனம் தேறியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதுதான் ஆறாத புண்.

ரூத்தை விற்றதால் சாபம் பிடித்தது என்கிறார்களே, உண்மையா?

ரூத்தின் செல்லப் பெயரான பாம்பினோவைக் கொண்டு ‘பாம்பினோவின் சாபம்’ என்ற சொல் வழங்கிவந்தது. பேச்சுக்கு நன்றாக இருக்கிறது; காரணமாகக் கொள்ள முடியாது. உண்மையான காரணங்களில் ஒன்றைச் சாபக் கதை மூடி மறைக்கிறது என்பதே அதன்மீது எனக்குள்ள மனக்குறை.

1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உள்ளிட்ட மூன்று கறுப்பின வீரர்கள் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்துக்குத் தேர்வு ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டார்கள். ரெட் சாக்ஸ் யாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1947 ஏப்ரல் 15 அன்று, ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி மேஜர் லீக்கின் நிறத் தடையை உடைத்தார். இன்னொரு கறுப்பின வீரரான வில்லி மேஸை எடுக்கக் கிடைத்த வாய்ப்பையும் பாஸ்டன் விட்டது. கடைசியாக 1959இல் பம்ப்ஸி கிரீனைக் களமிறக்கியபோது, கறுப்பின வீரர் ஒருவரைச் சேர்த்த அணிகளில் அதுவே கடைசி அணி. தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சிலரை நிறம் பார்த்து வேண்டாம் என்று சொன்ன அணி வெல்லாமல் போனதற்கு ஆவி வரவேண்டிய அவசியமில்லை.

1978இல் என்ன நடந்தது?

ஜூலை நடுவில் பாஸ்டனைவிட 14 ஆட்டங்கள் பின்தங்கியிருந்த யாங்கீஸ், சீசன் முடியும்போது சரிசமமாக வந்து நின்றது. இரண்டுக்கும் 99 வெற்றி. யார் ப்ளே ஆஃபுக்குப் போவது என்று முடிவுசெய்ய அக்டோபர் 2 அன்று ஃபென்வேயில் ஒரே ஓர் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் வரை பாஸ்டன் 2–0 என முன்னிலை.

அப்போது யாங்கீஸுக்காக ஆட வந்தவர் பக்கி டென்ட். அந்த சீசனில் அதுவரை நான்கே ஹோம் ரன் அடித்திருந்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்). ஒரு பந்தைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டு நொண்டினார். சற்று நேரம் ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில் வேறு மட்டை கைக்கு வந்தது. அடுத்து அவர் தூக்கி அடித்த பந்து, 37 அடி உயரமிருந்தாலும் ஆடுபவருக்கு மிக அருகில் நிற்கும் இடப்பக்கப் பச்சைச் சுவரைத் தாண்டி வலையில் விழுந்தது. ஏற்கெனவே பேஸ்களில் நின்ற இருவரோடு சேர்த்து மூன்று ரன். ஆட்டம் 5–4 என யாங்கீஸுக்குப் போனது. சொந்த வீட்டுச் சுவரே காட்டிக்கொடுத்ததுபோல் ஆயிற்று. அன்றிலிருந்து பாஸ்டனில் டென்டின் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

1986இல் பில் பக்னர்தான் தோற்கடித்தாரா?

இல்லை. நீளமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது, ஏனெனில் ஊரே தப்பாக நினைவில் வைத்திருக்கும் ஆட்டம் இது.

வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க்கின் இன்னோர் அணியான மெட்ஸுக்கு எதிராக 3–2 என்று பாஸ்டன் முன்னிலை. ஆறாவது ஆட்டம், அக்டோபர் 25, மெட்ஸின் ஷே மைதானம். பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5–3 என முந்தியது. மெட்ஸின் இருவர் அவுட். களத்தில் ஓட்டக்காரர் ஒருவருமில்லை. இன்னும் ஓர் அவுட் போதும். மைதானத்தின் பலகையில் ரெட் சாக்ஸுக்கு வாழ்த்துச் செய்தி ஒரு கணம் மின்னி மறைந்தது. 68 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது என்று வீடுகளில் பாட்டில்களைத் திறக்கப்போனார்கள்.

கேரி கார்ட்டர் ஓர் அடி. கெவின் மிட்செல் ஓர் அடி. ரே நைட் ஓர் அடி, 5–4. பாஸ்டன் பிட்சரை (பந்து எறிபவரை) மாற்றியது. புதிதாக வந்த பாப் ஸ்டான்லி எறிந்த பந்து ஒன்று, விக்கெட் கீப்பர் போன்ற கேட்சரின் கைக்கு அகப்படாமல் விலகி ஓட, மிட்செல் ஓடிவந்து ரன் எடுத்தார், 5–5. கவனிக்க வேண்டிய இடம் இது: வெற்றி ஏற்கெனவே கைநழுவிவிட்டது, பக்னர் இன்னும் பந்தைத் தொடவேயில்லை. அதன்பிறகுதான் மூக்கி வில்சன் தரையோடு தட்டிய பந்து முதல் பேஸை நோக்கி மெதுவாக உருண்டு, குனிந்த பக்னரின் கையுறைக்குக் கீழே, இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போனது. நைட் ஓடிவந்தார். 6–5.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஆனால் தாழியைப் பலர் சேர்ந்து உடைத்தார்கள். மூன்று அடிகளை விட்டவர், பந்தை விலகி எறிந்தவர், மூட்டுகள் தேய்ந்துபோயிருந்த பக்னரை அந்த ஆண்டு கடைசிக் கட்டங்களில் வழக்கமாக வெளியே எடுத்த மேலாளர் ஜான் மெக்நமாரா அன்று மட்டும் எடுக்காமல் விட்டது, எல்லாமே பங்கு. அதற்கும் மேலாக, தொடர் அன்று முடியவுமில்லை. ஏழாவது ஆட்டம் இருந்தது. அதில் பாஸ்டன் 3–0 என முன்னிலை பெற்று, 8–5 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு மனிதரின் கால்களுக்கு இடையே போன பந்து ஒரு படமாக நினைவில் நிற்கிறது. எட்டு ரன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது படமாக நிற்பதில்லை.

தன் ஆட்ட வாழ்க்கையில் 2,700க்கும் மேற்பட்ட ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) அடித்த பக்னருக்கு மிரட்டல்கள் வந்தன, அவர் குழந்தைகளுக்குக் கேலி வந்தது. ஒரு கட்டத்தில் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்துக்குப் போய்விட்டார். அந்தப் பந்தை 1992இல் ஒரு நடிகர் 93,500 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தார்.

2003 ஏன் அதைவிட மோசம் என்கிறார்கள்?

ஏனெனில் எதிரில் நின்றது யாங்கீஸ். அமெரிக்க லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடரின் ஏழாவது ஆட்டம், அக்டோபர் 16, யாங்கீ ஸ்டேடியம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5–2 என முன்னிலை. பாஸ்டன் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் நூற்றுக்கும் அதிகமான பந்துகளை எறிந்து களைத்திருந்தார். அடி மேல் அடி விழத் தொடங்கியதும் மேலாளர் கிரேடி லிட்டில், பிட்சர் நிற்கும் நடுமேட்டுக்கு நடந்து போனார். மாற்றப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பேசினார், திரும்பி நடந்து வந்தார், மார்ட்டினெஸ் அங்கேயே நின்றார். அடுத்தடுத்து இரண்டு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி); 5–5.

பதினோராவது இன்னிங்ஸில் பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்டு எறிந்த முதல் பந்தையே யாங்கீஸின் ஆரன் பூன் இடப்பக்க இருக்கைகளுக்குள் அனுப்பி ஆட்டத்தை முடித்தார். லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 25 ஆண்டுகளாக டென்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்த அந்த நடுப்பெயரைப் பூனும் பகிர்ந்துகொண்டார்.

அதே வாரம் சிகாகோவில் ஒரு ரசிகரைத் துரத்தினார்களாமே?

ஆம், இரண்டு நாள் முன்னதாக. சிகாகோ கப்ஸ் அதுவரை கடைசியாக வென்றது 1908இல். 1945 வேர்ல்ட் சீரிஸில் தன் ஆட்டோடு மைதானத்துக்கு வந்த மதுக்கடைக்காரர் ஒருவரை வெளியேற்றியதால் ஆட்டின் சாபம் என்று அவர்களுக்கும் ஒரு கதை உண்டு.

2003 அக்டோபர் 14, ரிக்லி ஃபீல்டு, ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸ் 3–0 என முன்னிலை; வேர்ல்ட் சீரிஸுக்குப் போக இன்னும் ஐந்து அவுட். இடப்பக்க ஓரத்தில் உயர்ந்து வந்த பந்தைப் பிடிக்கக் கப்ஸின் மொய்சஸ் அலூ சுவரோரம் எம்பினார். இருக்கையிலிருந்து பலர் கை நீட்டினார்கள். அவர்களில் ஒருவர் கையில் பட்டுப் பந்து விலகியது. நடுவர் அதைக் குறுக்கீடாகக் கருதவில்லை. அதன்பின் கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் எளிய பந்து ஒன்றைத் தவறவிட்டார். பிட்சர்கள் அடி வாங்கினார்கள். ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன். மறுநாள் ஏழாவது ஆட்டமும் போனது.

எட்டு ரன் விட்ட ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்த அந்த ஒரு ரசிகரின் மேல் அரங்கமே திரும்பியது. மேலே பொருள்களை எறிந்தார்கள். காவலர்கள் அவரை மறைத்து வெளியே கொண்டுபோனார்கள். அவர் மறுநாளே மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். அதன்பின் பொதுவெளியிலிருந்து விலகி வாழ்கிறார். அதனால் இங்கும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பந்தை மட்டும் 1 லட்சத்து 13 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, 2004 பிப்ரவரியில் கூட்டம் கூட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

2016இல் கிளீவ்லாந்துக்கு எதிராக, மழையால் 17 நிமிடம் நின்றுபோன ஏழாவது ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8–7 என வென்றது. மறு ஆண்டு கப்ஸ் நிர்வாகம் அந்த ரசிகருக்கும் ஒரு சாம்பியன் மோதிரம் கொடுத்தது. மோதிரம் கொடுத்தது நல்லதுதான். ஆனால் அது பதினான்கு ஆண்டு தாமதம்.

2004இல் நடந்ததை ஏன் அதிசயம் என்கிறார்கள்?

ஏழு ஆட்டத் தொடரில் முதல் மூன்றையும் தோற்ற எந்த மேஜர் லீக் அணியும் அதற்கு முன் மீண்டு வந்து தொடரை வென்றதில்லை, அதன்பின்னும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் யாங்கீஸிடம் தோற்ற மார்ட்டினெஸ், யாங்கீஸ்தான் என் அப்பன் என்று மனம் வெறுத்துச் சொல்லியிருந்தார். ப்ளே ஆஃபில் அவர் எறிய வந்தபோது யாங்கீ ஸ்டேடியமே ‘உன் அப்பன் யார்?’ என்று பாடியது. லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் அந்தத் தொடரில் பாஸ்டனுக்கு முதல் இரண்டு ஆட்டம் போயிற்று. மூன்றாவது, சொந்த மண்ணிலேயே, 19–8.

நான்காவது ஆட்டம், அக்டோபர் 17, ஃபென்வே. ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 4–3 என முன்னிலை. எறிய வந்தவர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதில் அவருக்கு நிகர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கெவின் மில்லார் பொறுமையாக நின்று நான்கு தப்புப் பந்துகளை விட்டு முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். ஜூலை கடைசி நாளில் அணிக்கு வந்தவர். வேகமாக ஓடுவார் என்பதைத் தவிர அவரைப் பற்றிப் பாஸ்டனுக்கு அதிகம் தெரியாது.

அவர் இரண்டாவது பேஸைத் திருடத்தான் (பிட்சர் எறியும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடத்தான்) வந்திருக்கிறார் என்பது மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். ஆட்டக்காரருக்கு ஒரு பந்தும் எறியாமல், ராபர்ட்ஸை விரட்ட முதல் பேஸுக்கே மூன்று முறை எறிந்தார். மூன்றாவது முறை ராபர்ட்ஸ் மயிரிழையில் தப்பினார். அடுத்து ரிவேரா முதல் பந்தை எறிய, ராபர்ட்ஸ் ஓட்டம் பிடித்தார். கேட்சர் ஹோர்ஹே பொசாடாவின் எறி நன்றாகவே வந்தது; டெரெக் ஜீட்டரின் கையுறை இறங்குவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டிருந்தது. உடனே பில் மில்லர் நடுவழியே ஓர் அடி அடிக்க, ராபர்ட்ஸ் ஓடிவந்து சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், டேவிட் ஓர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார்.

அதே நாள்காட்டித் தேதியில், அன்று இரவே, 14 இன்னிங்ஸ் போன ஐந்தாவது ஆட்டத்தையும் ஓர்ட்டிஸே வென்று கொடுத்தார். ஆறாவதில் கர்ட் ஷில்லிங் தையல் போட்ட கணுக்காலோடு, காலுறையில் இரத்தக் கறை தெரிய எறிந்து வென்றார். ஏழாவது, யாங்கீ ஸ்டேடியத்தில், 10–3. அதற்குப்பின் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை 4–0 என வீழ்த்தி, அக்டோபர் 27 அன்று, முழுச் சந்திர கிரகணத்தின் கீழே, 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்தார்கள். இறுதித் தொடர் ஒரு சம்பிரதாயமாகவே தோன்றியது.

ராபர்ட்ஸ் அந்த ப்ளே ஆஃப் முழுவதிலும் ஒரு முறைகூட மட்டை பிடிக்கவில்லை. ஓடியதோடு சரி. பாஸ்டனில் இன்றும் அவர் கையில் காசு கொடுக்க விடமாட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வென்ற பிறகு ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

பலர் கல்லறைக்குப் போனார்கள். அந்த இலையுதிர் காலத்தில் நியூ இங்கிலாந்தின் இடுகாடுகளில் ரெட் சாக்ஸ் தொப்பிகளும் கொடிகளும் வெற்றிச் செய்தி வந்த நாளிதழ்களும் கல்லறைகள் மேல் வைக்கப்பட்டிருந்தன. பார்க்காமலேயே போய்விட்ட அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் செய்தி சொல்லப் போனவர்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சிகாகோ ரசிகர்கள் ரிக்லி ஃபீல்டின் செங்கல் சுவர்களில் இறந்துபோன உறவினர்களின் பெயர்களைச் சாக்கட்டியால் எழுதினார்கள். திதி கொடுக்கும் ஊர்க்காரர்களான நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாங்கீஸை வென்ற அந்த இரவில் ஃபென்வேக்கு வெளியே கூடிய கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறை சுட்ட மிளகுக் குண்டு கண்ணில் பட்டு, 21 வயது மாணவி ஒருவர் இறந்தார். கொண்டாட்டத்தை மட்டும் சொல்லி அதை விட்டுவிடுவது முறையாகாது.

எப்போதும் வெல்லும் யாங்கீஸ் ரசிகர்களுக்கும் துக்கம் உண்டா?

உண்டு, அனுதாபம் கிடைக்காத துக்கம். 1960 வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸ் மொத்தம் 55 ரன் எடுத்தது, பிட்ஸ்பர்க் 27. கோப்பை பில் மசரோஸ்கியின் ஹோம் ரன்னால் பிட்ஸ்பர்க்குக்குப் போனது. 2001இல், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து எட்டு வாரத்துக்குள், காயம்பட்ட நகரமே பற்றிக்கொண்டிருந்த அணி அரிசோனாவிடம் ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் தோற்றது, எறிந்தவர் ரிவேரா. 2024இல் டாட்ஜர்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 5–0 என்ற முன்னிலையை ஒரே இன்னிங்ஸின் பிழைகளால் கரைத்தது.

ரிவேரா பற்றி ஓர் இடைச்செருகல். 2005 ஏப்ரலில் ஃபென்வேயில் பாஸ்டன் வீரர்களுக்குச் சாம்பியன் மோதிரம் வழங்கிய நாளில் எதிர் அணி யாங்கீஸ். ரிவேராவின் பெயர் அறிவிக்கப்பட்டதும், நீதான் எங்களுக்கு வென்று கொடுத்தாய் என்னும் பாவனையில் பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பகைக்குள் அவ்வளவு நயமும் உண்டு.

தன் அணி வீரர் எதிரிக்குப் போய்விட்டால்?

ஜானி டேமன் 2004இன் ஏழாவது ஆட்டத்தில் நான்கு ரன் ஹோம் ரன் அடித்து யாங்கீஸைச் சாய்த்தவர். 2005 சீசன் முடிந்ததும் யாங்கீஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். மறு ஆண்டு ஃபென்வேக்கு வந்தபோது பலத்த கூச்சல். ரசிகர் நேசிப்பது அந்தச் சட்டையையே என்று கசப்பாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வீரர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அணி வீரரை விற்கும்போது அதைத் துரோகம் என்று யாரும் சொல்வதில்லை: பாஸ்டன் கொண்டாடிய நோமார் கார்சியபாராவை 2004 ஜூலையில் நிர்வாகமே வேறு அணிக்கு அனுப்பியது, மூன்று மாதத்தில் கோப்பை வந்ததும் எல்லாரும் மறந்தார்கள்.

அணியே ஊரைவிட்டுப் போனால் ரசிகர் என்ன செய்வார்?

அது எந்தத் தோல்வியையும்விடப் பெரியது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸிடம் தோற்றது. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்’ என்பது புரூக்ளினின் பழமொழியாகவே ஆயிற்று. 1955இல் அந்த அடுத்த வருஷம் வந்தது. 1957 சீசன் முடிந்ததும் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 1994இல் 74 வெற்றி 40 தோல்வியோடு எல்லா அணிகளையும்விட மேலே இருந்தபோது வேலைநிறுத்தத்தால் சீசனும் வேர்ல்ட் சீரிஸும் ரத்தாயின; 2004க்குப் பிறகு அந்த அணியும் வாஷிங்டனுக்குப் போனது. மான்ட்ரியல் ரசிகருக்குத் திட்ட ஒரு பக்னர்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது அதிக காலம் காத்திருப்பவர்கள் யார்?

கிளீவ்லாந்து, கடைசி வெற்றி 1948இல். வேர்ல்ட் சீரிஸையே எட்டாத ஒரே அணி சியாட்டில். 2025இல் டொரண்டோவிடம் ஏழாவது ஆட்டத்தில் 4–3 எனத் தோற்று வாசலிலேயே நின்றது.

பாஸ்டன் – நியூயார்க் பகை இன்னும் இருக்கிறதா?

சூடு குறைந்திருக்கிறது. 2004க்குப் பிறகு 2007, 2013, 2018 என பாஸ்டன் மேலும் மூன்று முறை வென்றுவிட்டது. யாங்கீஸ் 2009இல் ஒரு முறை. ‘1918!’ என்று முழங்கிக் குத்திக்காட்ட இனி யாங்கீஸ் ரசிகருக்கு வழியில்லை. இருந்தாலும் நெருப்பு சாம்பலுக்கடியில் கிடக்கிறது. 2025இல் முதல் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் யாங்கீஸுக்காக எறிந்த கேம் ஷ்லிட்லர் எட்டு இன்னிங்ஸில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே அவுட்) ஆக்கி, 4–0 என பாஸ்டனை வீட்டுக்கு அனுப்பினார். அந்த இளைஞர் வளர்ந்தது பாஸ்டனை அடுத்த வால்போல் ஊரில். தேதி அக்டோபர் 2. பக்கி டென்ட் அடித்த அதே தேதி.

பக்னரை ரசிகர்கள் மன்னித்தார்களா?

2008 ஏப்ரல் 8 அன்று, 2007ஆம் ஆண்டின் கோப்பையைக் கொண்டாடிய ஃபென்வேயின் முதல் ஆட்டத்தில், சம்பிரதாயமான முதல் பந்தை எறிய பக்னரை அழைத்தார்கள். இடப்பக்கப் பச்சைச் சுவரிலிருந்து தனியாக மைதானத்தின் நடுவரை அவர் நடந்து வந்த அவ்வளவு நேரமும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வழியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னோடு 1986இல் ஆடிய டுவைட் எவன்ஸுக்குப் பந்தை எறிந்தார், சரியாகவே எறிந்தார். 2019 மே மாதம் காலமானார்.

அன்று செய்தியாளர்களிடம் பேசியபோது, மன்னிக்க வேண்டிய வேலை தனக்குத்தான் இருந்தது என்னும் பொருள்படச் சொன்னார். குறிப்பாகப் பாஸ்டன் ரசிகர்களை அவர் சொல்லவில்லை. தன்னையும் தன் குடும்பத்தையும் அப்பாடு படுத்திய ஊடகங்களை மன்னிக்க வேண்டியிருந்தது, அதைச் செய்துவிட்டேன் என்றார்.